நீலத் தெரு

"என்னம்மா இது, படமா சல்லடையா?" அதிகாரி திரையைத் தட்டிக் காட்டினார். காலையிலிருந்து டீயைத் தவிர அவர் வாயில் எதுவும் போகவில்லை. அதனால் குரலில் காரம் கொஞ்சம் தூக்கல்.

படம் வரைகிறவளுக்குச் சுருக்கென்றது. "சிவப்பைக் குறைக்கச் சொல்றீங்களா சார்? அது மட்டும் என்னால ஆகாது."

"சிவப்பை எவன் தொடச் சொன்னான்? அதுல ஒரு புள்ளி குறைஞ்சாலும் உன்னை நானே வீட்டுக்கு அனுப்பிடுவேன். இந்த வெள்ளை ஓட்டைகளைச் சொல்றேன். இதை அப்படியே பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டினா, அரைகுறை வேலைன்னு ஜனங்க நம்ம மூஞ்சியிலயே துப்புவாங்க."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆலையில் குழாய் வெடித்ததிலிருந்து ஊரில் பாதி அந்தப் பள்ளிக்கூடத் தரையில்தான் படுத்திருந்தது. கசிந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. முதல் நாள் செத்தவர்களுக்குச் சாகிறோம் என்றுகூடத் தெரிந்திருக்காது, பாவம்.

நிறமில்லாத அந்தச் சனியனுக்கு நிறம் கொடுப்பதுதான் இவள் வேலை. படத்தின் குறுக்கே கிழக்கு மேற்கு, நெடுக்கே தெற்கு வடக்கு. அந்தந்த இடத்துக் காற்றில் விஷம் எவ்வளவு என்ற மூன்றாவது கணக்கை நிறம் சொல்லும். சிவப்பு என்றால் எட்டிக்கூடப் பார்க்காதே, மஞ்சள் என்றால் பொறு, நீலம் என்றால் விஷமே இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

"காத்தை அளக்கப் போன மீட்டர்காரர் சில இடத்துல அளவே எழுதலை சார். அதான் வெள்ளையா நிக்குது."

"ஆத்தங்கரை, ரயில் கொட்டகை, அந்தப் பக்கமாத்தான் இருக்கும். ஆளில்லாத இடத்துக்கு எவன் மெனக்கெட்டுப் போவான்? ஏதாவது போட்டு அடைச்சுவிடு."

'காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்' என்ற இடத்தில் அவள் ஒரு டிக் போட்டாள். ஓட்டையெல்லாம் மறைந்து படம் பளிச்சென்று ஆனது. "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு" என்று அதிகாரி அடுத்த மேஜையைத் திட்டப் போனார்.

அதற்குப் பிறகுதான் தெருப் பெயர்களைப் படத்தின் மேல் ஏற்றினாள். தம்பியும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கிடந்தார்கள். குழந்தை பகலென்றும் பார்க்காமல் இரவென்றும் பார்க்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. "வீட்டுக்குப் போயிடலாமாக்கா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "படம் வரட்டும்டா" என்று பிடித்து வைத்திருந்தாள்.

கண்ணை மூடித் திறந்தாள். சுற்றிலும் சிவப்பு முட்டிக்கொண்டு நிற்க, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த தம்பியின் தெரு மட்டும் நீலமாக இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தொட்டியின் உயரமான சுவர் காற்றை மறித்திருக்கும் என்று காரணமும் தானே சொல்லிக்கொண்டாள். நல்ல செய்தியை யார்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

"டேய், கிளம்புடா. உன் தெரு நீலம்."

"நிஜமாவாக்கா? விளையாடாத."

"இதுல போய் விளையாடுவனாடா? என் கையால வரைஞ்ச படம். உன் போனுக்கு அனுப்பறேன், காவலுக்கு நிக்கிறவங்ககிட்ட காட்டு, விட்டுடுவாங்க."

மத்தியானம் தம்பியே கூப்பிட்டான். குரலில் அத்தனை நாள் அலைச்சலும் இறங்கியிருந்தது. "வந்துட்டோம்க்கா. எல்லாம் விட்டது விட்டபடியே இருக்கு. உன் மருமக வந்ததும் வராததுமா அசந்து தூங்கிட்டா."

"அப்பாடா. உன் பொண்டாட்டி?"

"அவளும் பக்கத்துலயே சாஞ்சுட்டா. எனக்கே கண்ணைச் சொக்குது."

"பின்ன? கண்ணு மூடி எத்தனை நாளாச்சு. போனை வச்சிட்டு நல்லாத் தூங்குடா. சாயங்காலம் நானே சாப்பாடு எடுத்துட்டு வரேன்."

போனை வைத்தபோது அவளுக்கும் பசித்தது. குழாய் வெடித்த பிறகு பசி என்று ஒன்று தெரிந்ததே இப்போதுதான். மேஜை டிராயரில் கிடந்த பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்றாள்.

மீட்டர்காரர் உள்ளே வந்தார். முகமூடியின் வார் அழுத்திய தடம் கன்னத்தில் இன்னும் சிவந்திருந்தது. மீட்டரை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அவள் ஓடிப்போய் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

"என்னம்மா திடீர்னு?"

"சுத்திவரச் சிவப்பு, என் தம்பி தெரு மட்டும் நீலம். குழந்தையைத் தூக்கிட்டு வீட்டுக்கே போயிட்டான். இப்ப மூணு பேரும் நல்ல தூக்கம்."

மீட்டர்காரர் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளையே பார்த்தார். "எந்தத் தெரும்மா?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்கே, அதான்."

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அந்தக் கட்டத்துல நான் ஒண்ணுமே எழுதலையேம்மா."

"ஏண்ணே?"

"முகமூடி போட்டும் அந்தத் தெருவுக்குள்ள எங்களால போக முடியலம்மா."