பாலத்தின் வரலாறு: முதல் பதிப்பு

“இன்னும் எத்தனை இருக்கு?” என்று கேட்டார் அந்த மனிதர். கையிலிருந்த புத்தகத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் விற்பனை அறையில் யாரும் கேட்காத கேள்வி அது. அங்கே வருபவர்கள் தள்ளுபடி உண்டா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் தேர்வுத் துறைக்கு வழி கேட்பார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த விற்பனைப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

சில மாதங்களாகவே அவர்மேல் அவளுக்கு ஒரு கண். வருவார். ஆற்றுப் பாலத்தின் வரலாற்று நூலில் இரண்டு பிரதி, மூன்று பிரதி வாங்குவார். மண் ஆய்வு, மீன் வகைகள், பழைய வரி ஆவணங்கள் என்று சுற்றிலும் அடுக்கியிருக்கும் எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்.

“எதுக்கு சார் இத்தனை?” என்று ஒருமுறை கேட்டதற்கு, “வச்சுக்கத்தான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உன்னைப் பாக்க வர்றாரோ என்னமோ,” என்றாள் கட்டுப் பிரிக்கும் அக்கா. “வயசைப் பாத்தா எனக்குத்தான் பொருத்தம். எதுக்கும் கொஞ்சம் விசாரிச்சு வை.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் புத்தகத்தைத் தாங்களே வந்து வாங்கும் நூலாசிரியர்களை அவள் பார்த்திருக்கிறாள். போகிற போக்கில் அலமாரியில் தங்கள் அட்டை தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டும் போவார்கள். அதனால் முதலில் பின்னட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இவர் அவரில்லை.

பிறகு புத்தகத்தையே உட்கார்ந்து படித்தாள். நான்காம் அத்தியாயத்தில் சிமெண்டில் கைவைத்த ஒப்பந்தக்காரர் வந்தார். அவர் பெயர், குடும்பம், அந்தப் பணத்தில் எழுந்த மாளிகை எல்லாம் அச்சில் பளிச்சென்று இருந்தன.

அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தக் குடும்பத்து ஆள்தான் இவர். வாங்கி வாங்கியே புத்தகத்தை இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்.

மாடிக்குப் போய் இயக்குநரிடம் சொன்னாள். “வாங்குறவங்களையே சந்தேகப்பட்டா கடையை எதுக்கும்மா திறந்து வச்சிருக்கோம்?” என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

அவள் கீழே வந்து, கிடங்கில் மிச்சமிருந்த அந்தப் புத்தகக் கட்டைப் பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் தள்ளினாள். ஒன்றே ஒன்றை மட்டும் அலமாரியில் விட்டாள்.

அந்த ஒன்றுதான் இப்போது அவர் கையில்.

“அதுதான் கடைசி,” என்றாள். “கிடங்குலயும் இல்ல. தீர்ந்துபோச்சு.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.” அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். வயிற்றெரிச்சலோடு அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் எதிரில் முதல் முறையாகப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தேடவே இல்லை. விரல் தானாகப் போய் நின்றது.

நான்காம் அத்தியாயம் அல்ல. படங்கள் இருக்கும் பக்கம்.

பாதி எழும்பிய தூண், சாரம், தலையில் சாந்துச் சட்டியோடு ஒரு பெண். கீழே, ‘பெயர் தெரியாத தொழிலாளி.’

“எங்கம்மா,” என்றார்.

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

“பேரைப் போடச் சொல்லி மேல ஐயாகிட்ட வந்து கேட்டேன். இந்தப் பதிப்பு வித்துத் தீரட்டும், அடுத்ததுல போட்டுடலாம்னாரு. இது நகர்ற லட்சணத்துக்கு என்னைக்குத் தீர்றது? அதான் நானே வாங்க ஆரம்பிச்சேன்.”

“வாங்கினதை எல்லாம் என்ன பண்ணீங்க?”

“பரண்ல கிடக்கு. சொந்தக்காரங்க கேக்கத்தான் செய்றாங்க. பேரில்லாம எங்கம்மாவை எப்படிம்மா ஒருத்தர் கையில குடுக்குறது?”

அவர் அம்மாவின் பெயரைச் சொன்னார். அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு வாசல்வரை போனவர், அங்கிருந்து திரும்பினார்.

“அடுத்த பதிப்பு வந்ததும் முதல் பிரதி எனக்கு எடுத்து வைம்மா.”

அவள் தலையாட்டினாள்.

மாடியில் இயக்குநர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பதிப்பகம் எந்தப் புத்தகத்துக்கும் இரண்டாம் பதிப்பு போட்டதில்லை.