தரையைத் தட்டிய கரடி

ஆற்று மணலில் விலங்குகள் தினமும் கட்டிப்புரண்டு மல்லுக்குப் பழகும். வலி பொறுக்காதவர் தரையைத் தட்டினால், பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். கரடி மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை. ஜெயித்து ஜெயித்தே அதற்கு உடம்பு அலுத்துப்போயிருந்தது.

அன்றும் உடும்பின் மேல் முழு பாரத்தையும் போட்டு அழுத்தியது. உடும்பு திமிறவில்லை. நிதானமாக மூச்சு விட்டபடி மெல்ல ஒருக்களித்து, கரடியின் முன்னங்கையை வாலால் சுற்றிக்கொண்டு, முழங்கையைப் பின்பக்கமாக வளைத்தது.

கரடி இழுத்துப் பார்த்தது, உறுமிப் பார்த்தது. பிடி இறுகியதே தவிர தளரவில்லை.

"தட்டிடுங்கண்ணே, எலும்பு முறிஞ்சிடும்" என்றது உடும்பு.

சுற்றி நின்ற முகங்களைக் கரடி பார்த்தது. இத்தனை வருஷப் பெயரை விட மனசு வரவில்லை. அதை இனியும் சுமக்க உடம்பில் தெம்பும் இல்லை. மறு கையால் மணலைத் தட்டியது.

பிடி அந்தக் கணமே விட்டது.

"இதை எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டது கரடி.

"உங்களுக்குக் கீழே கிடந்துதாண்ணே. நாலு வருஷமா தினமும் தட்டியிருக்கேனே."

கரடி வெகுநேரம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு மணலில் மல்லாந்து படுத்தது.

"வா, மேலே ஏறு" என்றது. "கீழே கிடந்தா எப்படி இருக்கும்னு நானும் பாக்கறேன்."