போர்த்திய தோல்

ஆட்டுக்குட்டிக்குச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

நான்கு காலுக்கும் ஓட்டை விட்ட சட்டை. அளவுதான் கொஞ்சம் பெரிது. குட்டி நடக்கும்போது விளிம்பு தரையில் இழுபட்டது.

கிட்டே போனாள்.

சட்டை இல்லை. தோல்.

இன்னொரு குட்டியின் தோல்.

"அந்தத் தாயோட குட்டி நேத்துக் காத்தால செத்துப் போச்சுங்க." பட்டிக்காரி நாச்சாத்தாள் படலைத் திறந்துகொண்டே சொன்னாள். "இது தாயில்லாத குட்டி. சும்மா உட்டா தாய் முட்டித் தள்ளீரும். அதான் செத்ததோட தோலை உரிச்சு இதுக்குப் போத்தி உட்டேன்."

குட்டி தாயின் மடிக்கடியில் நுழைந்தது.

தாய் திரும்பி அதன் முதுகை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. பிறகு அசையாமல் நின்றது.

குட்டி குடித்தது.

அவள் பட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பட்டிக்குக் காவல் இருப்பவர்கள் படுக்கிற ஓலைக்குடில் பின்னால் இருந்தது. இப்போது அதற்குள் மெத்தையும் மின்விசிறியும் போட்டு விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அப்பா போய் ஆறு மாதம். அம்மா வாசல்படி தாண்டவில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே இந்த மேய்ச்சல் காட்டில் இரண்டு இரவு தங்கினால் முகம் தெளியும் என்று கோயம்புத்தூரிலிருந்து அவள்தான் கூட்டி வந்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம்.

அம்மா.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தெரியவில்லை. எதைக் கேட்டாளோ, அதுவும் தெரியவில்லை. அம்மாவின் கண் குட்டியின் மேல் இருந்தது.

மஞ்சள் கவுன் அவளுக்கு நினைவு வந்தது.

அப்போது அவளுக்கு நான்கு வயது. குழந்தைகள் இல்லத்திலிருந்து காரில் அழைத்து வந்த அன்றே அம்மா பீரோவைத் திறந்து அதை எடுத்துப் போட்டுவிட்டாள். தோள் நழுவியது. பாச்சை உருண்டை வாடை. அம்மா அவளை மடியில் உட்காரவைத்து உச்சந்தலையை முகர்ந்தாள். வெகு நேரம் முகர்ந்தாள்.

"நித்திலா" என்றாள்.

காய்ச்சலில் போன ஐந்து வயது மகளின் பெயர் அது.

பெயர் மட்டும் இல்லை. பிறந்தநாளும் அந்தப் பெண்ணுடையதுதான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறப்புச் சான்றிதழும். அதனால் அவளுக்குத் தாளில் எப்போதும் ஒரு வயது கூட. வீட்டு ஆல்பத்தில் ஐந்தாம் பிறந்தநாள் பக்கத்துக்கு அடுத்தது ஆறாம் பிறந்தநாள் பக்கம். நடுவில் யாரும் சாகவில்லை.

அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம். ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எத்தனை நாளைக்குப் போத்தி வெப்பீங்க?"

கேட்டது அம்மா.

"நாளைக்குக் காத்தால கழட்டீருவனுங்க. வெயிலுக்கு நாற ஆரம்பிச்சுரும். அதுக்குள்ள இவ பாலு குட்டி வகுத்துல எறங்கி, குட்டி மேல இவ வாசமே வந்துருமுங்க."

"வராட்டி?"

நாச்சாத்தாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

அன்று முழுக்க அம்மா பட்டியை விட்டு நகரவில்லை. கம்பங்கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். தொடவில்லை. வெயில் ஏறியபோது வெள்வேல மர நிழலுக்கு நாற்காலியைத் தூக்கிப் போய்ப் போட்டாள் அவள். அம்மா அதில் உட்கார்ந்தாள். குட்டியையே பார்த்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை.

ஒருமுறை மட்டும் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அது செத்தும் நடக்குது பாரு."



மறுநாள் விடிந்ததும் இருவரும் பட்டிக்கு வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை.

நாச்சாத்தாள் குட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக் கத்தியை நுழைத்தாள். காய்ந்த தோல் பட்டையாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த குட்டி வேறு நிறம். வெள்ளையில் கறுப்புப் பொட்டு. ரொம்பச் சின்னது.

இறக்கி விட்டாள்.

தாய் முகர்ந்தது.

பின்வாங்கியது. முன்காலால் தரையை ஓங்கி மிதித்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அம்மாவின் கை எப்போது தன் மணிக்கட்டைப் பிடித்தது என்று தெரியவில்லை. நகம் பதிந்தது.

குட்டி கத்தியது.

தாய் கழுத்தை நீட்டியது. இந்த முறை முதுகை அல்ல, வால் அடியை முகர்ந்தது. தொண்டைக்குள் ஏதோ சத்தம் போட்டது.

நகர்ந்து, மடியைக் காட்டி நின்றது.

"ஏத்துக்கிச்சுங்க" என்றாள் நாச்சாத்தாள். தோலை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் புதைக்கப் போனாள்.

அம்மா கையை விடவில்லை.

"அந்த இல்லத்துல உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்புட்டாங்க?"

அம்மா கேட்டது வேறு யாரோ கேட்பதுபோல இருந்தது.

அவள் யோசித்தாள்.

இரும்புக் கட்டில் வந்தது. சோப்பு நுரையோடு முகத்தைத் தேய்த்த ஒரு கை வந்தது. வராந்தாவின் கோடியிலிருந்து யாரோ அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். வாய் அசைவது தெரிகிறது. அவள் ஓடுகிறாள்.

சத்தம் மட்டும் இல்லை.

அம்மா காத்திருந்தாள்.

"நித்திலா" என்றாள் அவள்.

"இல்ல கண்ணு. அது அவ."

முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

அவளுக்கு அழுகை வரவில்லை. பட்டியில் குட்டி குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மதியத்துக்குள் குடிலைக் காலி செய்ய வேண்டும். பைகள் கட்டித் தயாராக இருந்தன.

"உன் பேரை யோசிச்சுப் பாரு" என்றாள் அம்மா. "இன்னிக்கே கெளம்பணும்னு ஒண்ணுமில்ல."