ஏழுபடித் தோட்டம்

டாக்ஸி ஓட்டுநர் சக்கர நாற்காலியை இறக்கி விரித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் யாரும் வெளியே வரவில்லை. நல்லது.

"கொஞ்ச நேரம் நில்லுங்கண்ணே. உடனே திரும்ப வேண்டியிருக்கும்."

"இப்பத்தானேம்மா வந்து இறங்குறீங்க!" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

அவள் வீட்டு அலங்காரம் பற்றி வலைப்பூ எழுதுகிறவள். ஜன்னல் திரை, சுவரின் நிறம், மேசைமேல் ஒரு கிண்ணம், அதில் விழும் வெயில். படிக்கிறவர்களுக்கு அவள் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. நாற்காலி மட்டும் தெரியாது. படத்தில் சக்கரத்தின் ஓரம் விழுந்தால் வெட்டிவிட்டுத்தான் வெளியிடுவாள்.

வெட்கம் இல்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் சுவரின் நிறத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற பயம்.

இன்று வலைப்பூக்காரர்கள் முதல்முறையாக நேரில் சந்திக்கிறார்கள். இடம், ஏழுபடி வீட்டுத் தோட்டம்.

ஏழுபடி என்பது வலைப்பூவின் பெயர். நாளடைவில் அதை எழுதும் அம்மாளுக்கே பெயராகிவிட்டது. வாசலிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் ஏழு கருங்கல் படிகள், அவரும் கணவரும் தங்கள் கையால் போட்டவை. அந்தப் படத்தின் கீழ் அவளும் எத்தனையோ முறை 'என்ன அழகு' என்று எழுதியிருக்கிறாள்.

அழகுதான். ஏழும் அழகு. ஒன்றில்கூட அவளால் இறங்க முடியாது.

ரயிலில் வரும்போதே தங்கை தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னக்கா? படத்துல இருந்து சக்கரத்தை வெட்டிடுவே. வாசல்ல இருந்து எப்படி வெட்டுவே?"

 அவளிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. மகரந்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வாசலிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள். தோட்டம் பார்க்க ரயிலேறி வந்தவளுக்கு மகரந்தம் ஒத்துக்கொள்ளாதாம்! அவளுக்கே சிரிப்பு வந்தது. 

பொய் எடுபடாவிட்டால் நாலு பேர் சேர்ந்து நாற்காலியைத் தூக்குவார்கள். அன்பாகத்தான் தூக்குவார்கள். 'பாத்து, பாத்து' என்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் மனத்தில் அவள் என்றைக்கும் தூக்கி இறக்கப்பட்டவள்.

கடவுளே, யாரும் தூக்க வேண்டாம். வேண்டிக்கொண்டே சக்கரத்தை உருட்டினாள்.

கதவு திறந்தது. நரைத்த தலையும் மண் ஒட்டிய கையுமாக அந்த அம்மாள்.

"வெள்ளைச்சுவர்தானே? வாங்க வாங்க, உங்களுக்காக டீ ஆறிக்கிட்டு இருக்கு!"

வெள்ளைச்சுவர், அவள் வலைப்பூவின் பெயர். அம்மாளின் பார்வை அவள் முகத்தைவிட்டு நாற்காலிக்கு இறங்கவே இல்லை.

பொய் நாக்கு நுனிக்கு வந்தது. வாயைத் திறந்தாள். அப்போதுதான் உள்ளே பார்த்தாள்.

படிகள் இல்லை.

அந்த இடத்தில் ஒரு சரிவு. அகலமாக, அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து இறங்கியது. படிகளாக நின்ற அதே கற்கள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன.

"படியெல்லாம்...?"

"ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சுபோச்சும்மா. பேத்துப் போட்டுட்டேன்."

"நாங்களும் வந்ததுல இருந்து துக்கம் விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்," என்றார் உள்ளே இருந்த தொட்டிக்காரர். வலைப்பூவில் பூந்தொட்டிகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர். "ஏழுபடின்னு பேரை வச்சுக்கிட்டு ஒத்தப் படிகூட இல்லையே!"

"பொன்னம்மான்னு பேர் வச்சவ கழுத்துல எல்லாம் பொன்னா தொங்குது? போய் டீயை ஊத்துங்க."

சொல்லிவிட்டு அம்மாள் சரிவில் விடுவிடுவென்று இறங்கினார். தேய்ந்த முட்டி மாதிரித் தெரியவில்லை.

அவள் தானே உருட்டிக்கொண்டு பின்னால் போனாள். கைகொடுக்க ஒருவரும் ஓடிவரவில்லை. கல்லிடுக்கில் புல் அடர்ந்து வேர்பிடித்திருந்தது. அப்படிப் பிடிக்க ஒரு மழைக்காலமாவது வேண்டும். அழைப்பு வந்ததோ போன வாரம்; வழியைச் சரிசெய்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார்.

 இவருக்கு யார் சொன்னது? தங்கைக்கு இவர்கள் யாரையும் தெரியாதே?

கீழே மரத்தடியில் நீளமான மேசை.

"படம் நீங்கதான் எடுக்கணும்," என்றார் அம்மாள். "நாங்க எடுத்தா எச்சில் கப்புவரைக்கும் மேசை முழுசாத் தெரியும். நீங்க எடுத்தா மேசை எப்பவும் ஒரு கோடு மாதிரித்தான். முதல் படத்துல இருந்தே அப்படித்தான். எனக்கு அந்த உயரம் ரொம்பப் பிடிக்கும்."

உயரம்.

இத்தனை வருஷம் சக்கரத்தை வெட்டியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்த கண்ணின் உயரம் ஒவ்வொரு படத்திலும் அப்படியே இருந்திருக்கிறது. அதை எந்தக் கத்தரியாலும் வெட்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அம்மாள் அதற்குள் கேக் நறுக்கப் போய்விட்டார்.

கேட்டுச் செய்கிற உதவி உண்டு. கேட்டால் மனம் கூசுமே என்று கேட்காமலே செய்துவிட்டு, பழியை முட்டிமேல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மேலே டாக்ஸியின் ஹாரன் ஒலித்தது.

"நீங்க போங்கண்ணே!" என்று உரக்கச் சொன்னாள். மடியிலிருந்த கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

சரிவின் இரு பக்கமும் ரோஜாக்கள். நின்று பார்க்கிறவர்களுக்கு அவற்றின் உச்சிதான் தெரியும்.

ஒவ்வொரு செடியும் ஒரே அளவாகக் கத்தரிக்கப்பட்டு, உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு நேராகப் பூத்திருந்தது.