வெட்டாமல் விட்ட நகம்

என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு இடுப்புவலி, குனிய முடியாது. அன்று அவர் கால் நகங்களை நான்தான் வெட்டிவிட்டேன். இடது சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருக்கும்போது படகுக்காரர்கள் கூப்பிட்டார்கள். "வந்து வெட்டிக்கிடலாம்ட்டி" என்று எழுந்து போனார். உடலாகத்தான் கரைக்கு வந்தார்.

செத்தவர்களுக்கு இப்போது எல்லா வீட்டிலும் செய்வதுபோல, மகன் ரீகன் பழைய படங்களை வைத்து அப்பாவைப் பேசும் உருவமாகச் சுவர்த்திரையில் கொண்டுவந்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். காலைப் பார்த்தேன். பத்து நகங்களும் சீராக வெட்டியிருந்தன.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போனேன். அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய பிளெமிஷ் தைலவண்ண ஓவியம் ஒன்று உண்டு. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசு தாய் மடியில் கிடப்பார். உதடும் நகங்களும் நீலம் பாரித்திருக்கும். வரைந்தவர் ஒரு பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இந்த வருடம் அதன்மேல் ஒளி பாய்ச்சி அசையும் படமாக்கியிருந்தார்கள். இயேசு மூச்சுவிட்டார். மாதா புன்னகைத்தார்.

மின்கம்பியைப் பிடுங்கினேன்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மிக்கேல் ஓடிவந்தார். "மெட்டில்டாக்கா, என்ன காரியம் பண்ணுதீய! சனங்க மனசு ஒடிஞ்சிராதா?"

"ஒடியட்டும். வெள்ளிக்கிழம அவரு சாகவே இல்லன்னா, ஞாயித்துக்கிழம யாருய்யா எந்திரிக்கது?"

மிக்கேல் கம்பியைக் கையில் எடுத்தார். மாட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சுவர்த்திரையையும் அணைத்தேன்.

"அப்பாவக் கொல்லுதியாம்மா?" என்று ரீகன் கத்தினான்.

"கடல் கொன்னுச்சுலே. நான்தான் குளிப்பாட்டுனேன். எனக்குத் தெரியும்."

கல்லறைக்குள் அவருடைய இடது சுண்டுவிரல் நகம் இன்னும் வெட்டாமல்தான் இருக்கிறது.