நேசையா வீட்டு ஜெபம்

"'எங்க மாமா ஆளே மாறிட்டாவ ஆன்ட்டி. எங்ககூட பேசுதது இல்ல, சேர்ந்து சாப்பிடுதது இல்ல, ரூமை விட்டு வெளியவே வர மாட்டேங்காவ.' இதுதான் நேசையா மருமக ஸ்டெபி சொன்னது. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல" என்றாள் சாரம்மாள்.

பாலம்மாள் விடவில்லை. "தொண்டையில ஆபரேஷன் பண்ணி குரல்வளையையே எடுத்துட்டாங்க. நேசையா அண்ணாச்சி எப்படிக்கா பேசுவாரு?"

"குரல்தான போச்சு? கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு. நடந்து வந்து நாலு பேரோட உட்கார்ந்தா என்ன கேடு?"

இருவரும் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆட்கள். சமாதானபுரத்தில் நேசையா வீட்டு ஜெபத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

சபைப் பாடகர் குழுவில் நேசையாதான் கட்டைக்குரல். அவர் எடுத்தால் கடைசி பெஞ்சுவரை அதிரும். ஒரு பண்டிகை ஒத்திகையில் சாரம்மாள் சுதி தப்பியதை எல்லார் முன்னாலும் சொன்னவரும் அவர்தான். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"பெரிய பாகவதர். பாட்டு போச்சுன்னதும் நம்ம மூஞ்சியில முழிக்கக்கூட மனசில்ல."

வீட்டில் பாய் விரித்து, பலகாரம் எடுத்து வைத்து எல்லாம் அமர்க்களமாக இருந்தது. ஸ்டெபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துட்டோம் ஆன்ட்டி."

"நீ அழாத பிள்ள. வீம்பு பிடிச்ச பெரியவங்களை வச்சுப் பார்க்கதும் ஒரு சிலுவைதான்" என்றாள் சாரம்மாள்.

"நான் ஒரு எட்டு உள்ள போய்ப் பார்த்துட்டு வாரேனே" என்று பாலம்மாள் எழுந்தாள்.

"வேண்டாம் ஆன்ட்டி, ஆளுகளைக் கண்டா அப்பா சங்கடப்படுவாவ" என்று மகன் கிங்ஸ்டன் அவளை உட்கார வைத்தான்.

கீர்த்தனை தொடங்கியது. இரண்டாம் சரணத்தில் பின்பக்கத்து அறையிலிருந்து டொக் டொக்கென்று சத்தம். ஸ்டெபி குரலை உயர்த்தினாள். மற்றவர்களும் உயர்த்தினார்கள். சத்தம் அமுங்கிவிட்டது.

பாட்டு முடிந்து எல்லாரும் கண்ணை மூட, கிங்ஸ்டன் உருகி ஜெபித்தான்.

"ஆண்டவரே, எங்க அப்பாவோட கல்லான இருதயத்தை மாத்தும். அவங்க தேடிக்கிட்ட தனிமையை விட்டு, எங்க நடுவுல வந்து உட்காரச் செய்யும்..."

டொக். டொக்.

சாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளை அழுது ஜெபிக்கிறான், இந்த மனுஷனுக்கு உள்ளேயிருந்து தட்டி நக்கலா? பைய எழுந்தாள். 'அண்ணாச்சி, உங்க திமிருக்கு ஒரு அளவு வேண்டாமா' என்று தொடங்கி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதாக, சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே போய்க் கதவில் கை வைத்தாள்.

உள்ளே தட்டுவது நின்றது.

கையில் தட்டுப்பட்டதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்து நின்றாள். "ஸ்டெபி" என்றாள். ஸ்டெபி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். "கிங்ஸ்டன்" என்றாள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவன் புதிதாக ஒரு விண்ணப்பத்தைத் தொடங்கினான்.

"உங்க அப்பா ரூம் கதவுல, வெளிப்பக்கம் தொங்குதே ஒரு பூட்டு, அதுக்குச் சாவியைத் தாங்கப்பா."