ஏழு பேருக்கும் பிறந்தநாள்

வாழைப்பாறைக்குப் பின்னால் புகையைப் பார்த்ததும், தீயை அடித்து அணைக்க ராக்கம்மா பச்சைத் தழை ஒடித்தாள். ஏழு பேரும் ஆளுக்கொரு கட்டோடு காட்டுவாசலுக்கு ஓடினார்கள். மலைவாழ் பளியர்களில் வனத்துறை தேர்ந்தெடுத்த அந்த ஏழு ‘இளம் தலைவர்கள்’ மட்டும்தான் இப்போது காட்டுக்குள் போகலாம்.

ராக்கம்மா கதவின் கேமராவுக்குக் கண்ணைக் காட்டினாள். கதவு திறக்கவில்லை, பேசியது.

“இன்றுடன் உங்களுக்கு இருபத்தைந்து வயது நிறைவு. இளைஞர் பொறுப்பிலிருந்து அன்புடன் விடுவிக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்துகள்!”

“நீ போய்க் காட்டுடா, சடையா.”

கதவு சடையனையும் வாழ்த்தியது. மிச்ச ஐந்து பேரையும் வாழ்த்தியது.

இவர்களைப் பள்ளியில் சேர்த்த அன்று, பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்று வாத்தியார் கேட்டிருந்தார். மூங்கில் பூத்த வருசம் என்றாள் ஒரு தாய். யானை குடிசையைத் தள்ளியதற்கு மறுமழை என்றாள் இன்னொருத்தி. வாத்தியார் ஏழு பேருக்கும் ஒரே வருடம், மே பதினைந்து என்று எழுதிவிட்டார்.

ராக்கம்மா வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். “சார், உள்ள தீப்பிடிச்சிருச்சு. கதவ மட்டும் தொறந்து விடுங்க.”

“வயசு தாண்டுனவங்கள உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லம்மா. வேற எளவட்டம் இருந்தா பேர் குடுங்க. ஆறு மாசம் பயிற்சி குடுத்துருவோம்.”

தீ பாறைக்கு இந்தப் பக்கம் இறங்கியபோது எல்லோருடைய போனுக்கும் பாராட்டுப் பத்திரம் வந்தது. ‘காட்டைக் காத்தவர்களுக்கு நன்றி.’ சற்றுமுன் கதவு எடுத்த படம் அதில் இருந்தது. ஏழு பேர் கையிலும் பச்சைத் தழை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.